பில்லில் ஏறாத வேலை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடத்தையும் பார்சுவநாதர் கோயிலையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். நான் போனது அந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு. அன்று அங்கே நின்றது மல்லாட்டை வியாபாரி ஒருவரின் பழைய டர்போ டீசல் கார்.

"வண்டி இழுக்கல தம்பி. மூணாவது கியர்ல மிதிச்சா மஞ்ச லைட் எரியுது, அப்படியே அடங்கிப்போவுது."

முன்பு காட்டிய இடத்தில், ஹைபிரஷர் பம்ப் போய்விட்டது என்று சொல்லி அதற்கு விலையும் சொல்லியிருந்தார்கள். டர்போதான் போயிருக்கும் என்பது வியாபாரியின் மைத்துனர் கணிப்பு. மெக்கானிக் இரண்டையும் கேட்டுக்கொண்டு ஸ்கேனரைச் செருகினார். திரையில் வந்தது பி0087. ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில், அழுத்தம் குறைவு என்று அதற்கு அர்த்தம். குறைத்தது டேங்க்கா, ஃபில்டரா, பம்பா, இன்ஜெக்டரா என்று அந்த எண் சொல்லாது.

இந்தக் காமன் ரெயில் முறையை ஃபியட் குழுமம் வளர்த்தது. 1994இல் பாஷ் அதை வாங்கி முடித்துக்கொடுக்க, 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் ஓடியது. நம் ஊர்களுக்கு அது பரவலாக வந்தது ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின் வழியாக: 2007இல் ஸ்விஃப்ட் டீசல், அடுத்த ஆண்டு டிசையர், இண்டிகா விஸ்டா. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார்களை நிறுத்தியது. விற்ற வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். இத்தகைய எஞ்சின் சும்மா நின்று ஓடும்போதே ரெயிலில் 250 பார் அளவில் இருக்கும்; முழு மிதியில் 1,400 அளவுக்கு ஏறும். டர்போ கூடுதல் காற்றைத் தள்ளத் தள்ள, அதற்கேற்ற டீசலை எஞ்சினின் கணினி கேட்கிறது. கேட்ட அழுத்தம் வராவிட்டால் எஞ்சினைக் காப்பாற்ற இழுவையைக் குறைத்துவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு டர்போ செத்த மாதிரித் தெரிவது இதனால்தான்.

உதவிக்கு இருந்த பையன் ஸ்பேனரோடு இன்ஜெக்டர் பக்கம் போனான். "டேய், எஞ்சின் ஓடறப்ப அத தொடாத!" பழைய டிராக்டர் எஞ்சினில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது வழக்கம். காமன் ரெயிலில் அப்படிச் செய்தால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். உள்ளே தசை கெட்டு, உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம்.

மெக்கானிக் டேங்க் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஃபில்டரின் அடியில் இருந்த டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்துக் கொஞ்ச நேரம் விட்டார். தண்ணீர் இருந்தால் கீழே தங்கும், இல்லை. பிறகு பம்புக்குப் போகும் ஹோஸின் நடுவே ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றைச் சேர்த்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலோடு குமிழ்கள் ஓடின. "ஏர் பிடிக்குது." ஃபில்டர் மாற்றியபோது நசுங்கிப்போன ரப்பர் வாஷர்தான் காரணம். புது வாஷர் போட்டதும் குமிழ் நின்றது.

வியாபாரி சாவியைக் கேட்டார். மெக்கானிக் தரவில்லை. ஸ்கேனரோடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்: மிதித்தால் கேட்ட அழுத்தம் ஏறியது, கிடைத்த அழுத்தம் பாதி வழியில் நின்றது. சென்சார் பொய் சொல்கிறதோ என்று எஞ்சினை அணைத்து, அழுத்தம் இறங்கியபின் மீட்டர் வைத்தார். அரை வோல்ட். அழுத்தமே இல்லாதபோது வரவேண்டிய அளவு அதுதான்.

அடுத்தது ரிட்டர்ன் டெஸ்ட்: இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலை அளப்பது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சிறு பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். மூன்று பாட்டில்களின் அடியில் கொஞ்சம்தான். மூன்றாம் இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பம்ப் ஏற்றுகிற அழுத்தம் அந்த வழியாகவே கசிந்துகொண்டிருந்தது. புதுப் பம்ப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இன்ஜெக்டரை அவர் பிரிக்கவில்லை. புதுச்சேரியில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் சர்வீஸுக்கு அனுப்பினார். பழையது தேறாமல் வேறு இன்ஜெக்டர் வந்த அன்று மறுபடி போனேன். மாட்டியதும், அதன் தலையில் பொறித்திருந்த குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாகக் கணினியில் ஏற்றினார். ஒவ்வொன்றும் டீசல் விடும் அளவில் மயிரிழை வித்தியாசம் இருப்பதால் கணினிக்கு அது தெரியவேண்டும். ரோட்டில் கேட்டதும் கிடைத்ததும் இப்போது ஒட்டியே ஏறின.

பில்லில் இன்ஜெக்டர், வாஷர், மாட்டுக்கூலி என்று எழுதி, கடைசி வரியில் "செக்கிங்" என்று ஒரு தொகை போட்டார்.

"பார்த்ததுக்கும் காசா தம்பி?"

"பம்ப்ப மாத்திட்டு எழுதியிருந்தா கேக்காம குடுத்திருப்பீங்கல்ல, அண்ணே?"

வியாபாரி சிரித்தபடி எதையாவது குறைக்கச் சொன்னார். மெக்கானிக் மாட்டுக்கூலியில் குறைத்தார். செக்கிங் வரியைத் தொடவில்லை.