ஈப்போ முதல் சுங்கை சிப்புட் வரை: ஒரு சாப்பாட்டுப் பயணத்தின் நாட்குறிப்பு

வியாழன் மாலை, ஈப்போ ரயில் நிலையம்

கோலாலம்பூரிலிருந்து வந்த ரயில் ஈப்போவில் நின்றபோது மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் எட்டுப் பேர்: மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை, அவருடைய மகள், சென்னையில் சிறிய உணவகம் நடத்தும் இளைஞர், ஒரு சிங்கப்பூர்த் தம்பதி, பினாங்குத் தோழிகள் மூவர். ஒரு வேனில் அடங்கும் கூட்டம். வரவேற்க வந்த வழிகாட்டிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாயோடு மர நிரைக்குப் போய் வளர்ந்தவர். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’ ஆகிவிட்டார்.

வெள்ளை மாளிகை மாதிரி நிற்கும் இந்த நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். எதிரே, ஊருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரம். அதன் பாலைத்தான் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் நஞ்சாகத் தடவினார்கள் என்று அண்ணன் சொன்னதும், மரத்தடியில் ஒதுங்கியிருந்த தோழிகள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது சிங்கப்பூர்த் தம்பதி தங்கள் மெக்சிகோ பயணத்தைப் பற்றிப் பேசினார்கள். வஹாக்காவில் இப்படித்தான் ஒரு சிறு குழுவாகப் போனார்களாம். காலையில் சந்தை, பகலில் கிராமத்து வீடொன்றில் சமையல். காய்ந்த மிளகாய் வகைகளை வறுத்து, ‘மெத்தாத்தே’ என்ற கல்லில் அரைத்து, ‘மோலே’ என்னும் குழம்பு வைத்த அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. மலேசியாவின் காலைப் பசியாறல், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் முன்னிறுத்தி, 2024 டிசம்பரில் அதே பட்டியலில் சேர்ந்தது.

“பட்டியலில் உள்ளதைக் கடையில் சாப்பிடலாம். பட்டியலில் இல்லாததுக்கு வீட்டுக்குத்தான் போகணும். ஞாயிற்றுக்கிழமை போவோம்” என்றார் அண்ணன்.

வெள்ளி காலை, பழைய நகரம்

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் எழுந்தது. கிந்தா ஆற்றின் இருபுறமும் சீனத் தொழிலாளர்கள் ஈயம் தோண்டினார்கள். அந்தப் பணத்தில் கடைவீதிகள் முளைத்தன. பண்டார் தீமா சாலையில் 1937இல் தொடங்கிய சின் யூன் லூங் காப்பிக்கடையில் காலையிலேயே இடம் கிடைப்பது அரிது. ஈப்போ வெள்ளை காப்பியின் சூட்சுமம் வறுப்பில் இருக்கிறது. வழக்கமான கறுப்புக் காப்பிக்குக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். வெள்ளை காப்பிக்குச் சர்க்கரை கிடையாது, மார்ஜரின் மட்டும்தான். நிறம் வெளிறி, கசப்பு தணிந்த அந்தக் காப்பியில் கெட்டிப் பால் விழுந்ததும் நுரை கட்டுகிறது. சென்னை இளைஞர் அடுத்தடுத்து இரண்டு கோப்பை குடித்துவிட்டு வறுப்பு நேரத்தைப் பற்றிக் கடைக்காரரைத் துருவினார். கடைக்காரர் சிரித்தாரே தவிர, விவரத்தைச் சொல்லவில்லை.

பயணிகளின் உணவுச் சுற்று பெரும்பாலும் இந்தச் சில தெருக்களோடு முடிந்துவிடுகிறது. காப்பி, அவித்த கோழியோடு முளைப்பயறு, வழுவழுப்பான ஹோர் ஃபன் அரிசி நூடுல்ஸ், சுவரோவியத்துக்கு முன்னால் ஒரு படம். எல்லாமே அருமையானவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தின் செல்வம் ஈயத்திலிருந்து மட்டும் வரவில்லை. ரப்பர் பால் மரத்திலிருந்தும் வந்தது. அந்தப் பாலை வெட்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கிற பயணம் அபூர்வம். இந்தக் குழு அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறது.

வெள்ளி பிற்பகல், புந்தோங்

லகாட் சாலை வழியாக லிட்டில் இந்தியாவைக் கடந்து புந்தோங் போனால் எண்ணெய் வாசனையே வழிகாட்டுகிறது. கம்போங் கச்சாங் பூத்தே. முறுக்கும் ஓமப்பொடியும் வறுகடலையும் பட்டாணியும் இங்கே தலைமுறைத் தொழில். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் வேர் எட்டயபுரம் பக்கம். அதைக் கேட்டதும் மதுரை ஆசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாரதி பிறந்த ஊர்க்காரங்களா நீங்க?” என்று அடுப்படியில் நின்றவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால்தான் வேலையின் கனம் தெரிகிறது. இரண்டு பேர் கட்டிப் பிடித்தாலும் அடங்காத வாணலி. மாவைக் கையால் பிசைந்து பதம் பார்க்கிறார் ஒரு அக்கா. தண்ணீர் ஒரு கை கூடினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும், குறைந்தால் அச்சிலேயே அறுந்துபோகும். அவருடைய தம்பி நீண்ட பிடிபோட்ட ஜல்லிக் கரண்டியால் திருப்பிக்கொண்டே இருக்கிறார். எண்ணெயின் சலசலப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் அள்ளிவிட வேண்டும். கடிகாரம் பார்ப்பதில்லை, காதுதான் கணக்கு. அள்ளியதை மூங்கில் தட்டில் பரப்பி, ஆறியதும் மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவிக் குலுக்குகிறார்கள்.

முன்பு ஆண்கள் இதைத் தலையில் தட்டோடு சுமந்து விற்றார்கள். பிறகு சைக்கிள், அதன் பிறகு மோட்டார் சைக்கிள். திரைப்பட அரங்க வாசலில் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை கொடுத்தவர்களை மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரும் மறக்கவில்லை. இன்று பெரும்பாலும் நெகிழிப் பொட்டலம்தான்; நாடு முழுக்கப் போகிறது. மெக்சிகோ போய்வந்த சிங்கப்பூர்ப் பெண் தட்டைச் சுட்டிக்காட்டினார்: மிளகாய், நிலக்கடலை, மரவள்ளி வற்றல் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. எட்டயபுரத்துக் கைப்பக்குவம் அவற்றைத் தனதாக்கி ஈப்போவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சனி காலை, பத்து காஜா

கெல்லிஸ் காசல். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் தன் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் 1915இல் தொடங்கிய மாளிகை. செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து வந்தன. வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்களை அழைத்துவந்தார்கள். அப்போது பரவிய ஸ்பானியக் காய்ச்சலில் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

எல்லோரும் மாளிகைக் கோபுரத்தில் ஏறுகிறார்கள். அண்ணன் குழுவை அங்கே அதிக நேரம் நிறுத்தவில்லை. சற்றுத் தொலைவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு வேனைத் திருப்பினார். காய்ச்சலில் சாவு விழுந்தபோது, அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் துரையிடம் கேட்டார்கள், அவரும் சம்மதித்தார். கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். தொழிலாளர்கள் காட்டிய நன்றி அது. மாளிகைக்குக் கட்டணச் சீட்டு உண்டு, விளக்கப் பலகை உண்டு. சுவரை எழுப்பியவர்கள் கும்பிட்ட இடத்தையும் பார்த்தால்தான் கதை முழுதாகும். பேராக் சுற்றுலா அட்டவணை போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே நிறுத்தமாக வைக்க வேண்டும் என்று ஆசிரியை தன் குறிப்பேட்டில் எழுதிக் கோடிட்டார்.

ஞாயிறு விடியற்காலை, சுங்கை சிப்புட்

இருட்டு விலகுவதற்கு முன்பே ஒரு சிறுதோட்டக்காரரின் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது குழு, ஆளுக்கொரு தலைவிளக்கோடு. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் வெட்டு எப்போதும் விடியலில்தான். முதலில் நேற்றைய கீறலில் காய்ந்து நின்ற ஒட்டுப்பாலை நாராக உரித்துக் கூடையில் போட்டார் அவர். பிறகு கத்தியை இடப்பக்கம் மேலே வைத்து, வலப்பக்கம் கீழே சரிவாக இழுத்தார். தாள் கனத்தில் பட்டை சுருண்டு விழுந்தது. ஆழம் போதவில்லை என்றால் பால் வராது. கத்தி உள்ளே மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் புடைத்து, அந்த இடத்தில் மறுபடி வெட்டவே முடியாது. வெள்ளைக் கோடு ஒன்று கீறலின் வழியே இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கியது.

தோட்டங்களில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 400, 500 மரம் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆஜர் சொல்ல வேண்டும். வெட்டி முடித்துப் பாலெடுத்து, காண்டா என்னும் தோள்கம்பில் இரு வாளி தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்தால் எழுத்தரான கிராணி நிறுத்துக் கணக்கெழுதுவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கு வரலாற்றில் கனத்த இடம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊரும் இதுவே. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தில், பால் வெட்டியவர்களே தோட்டங்களுக்குப் பங்குதாரர் ஆனார்கள்.

ஞாயிறு பகல், பாட்டி வீடு

“பசியாறிட்டீங்களா சாமி?” வாசலிலேயே கேட்டார் பாட்டி. எண்பதை நெருங்கும் வயது. லயத்து வீடு இப்போது இல்லை. இருந்த தோட்டம் செம்பனைக் காடாகிவிட்டது. பிள்ளைகள் வாங்கிய தாமான் குடியிருப்பு வீட்டின் பின்கட்டில், வாழையும் முருங்கையும் மரவள்ளியும் வைத்து அந்தப் பழைய கொல்லையை அவர் மறுபடி உண்டாக்கியிருக்கிறார்.

சமையல் தொடங்கியது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, சின்ன வெங்காயமும் ஒரு துண்டு பெலாச்சான் இறால் விழுதும் சேர்த்து அம்மியில் அரைத்தார். “மிக்சி இருக்கு கண்ணு. சம்பலுக்கு அது ஆகாது, தண்ணி விட்டுரும்.” எண்ணெயில் நெத்திலியைத் தனியாகப் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் அரைத்ததை வதக்கி, எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை பொறுமையாகக் கிளறினார். புளித்தண்ணீர், ஒரு சிட்டிகைச் சீனி, கடைசியில் நெத்திலி. பக்கத்து அடுப்பில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. முருங்கைக்கீரையில் சோம்பும் தேங்காய்ப் பாலும். தமிழ்நாட்டுக் கைப்பக்குவம், மலாய்க்காரப் பக்கத்து வீட்டின் பெலாச்சான், சீனக் கடையில் கடன் வாங்கிய கருவாடு: மூன்றும் ஒரே அடுப்பில் ஏறிய சமையல் இது. எந்த உணவகப் பட்டியலிலும் இதற்குத் தனிப் பெயர் இல்லை.

நடுவில் வைத்தது அவித்த மரவள்ளிக்கிழங்கு, துருவிய தேங்காயோடு. சென்னை இளைஞர் அதை ஆசையாகச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டபோது பாட்டி தன் தாயைப் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படவில்லை. மூன்று வேளையும் கிழங்கு. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பாட்டியின் பெரியப்பாவும் போனவர்களில் ஒருவர், அவர் திரும்பவில்லை. “எங்கம்மா கடைசிவரைக்கும் கிழங்கைத் தொடல. எனக்கு ரொம்பப் புடிக்கும். அவங்களுக்குத் தெரியாமத்தான் தின்பேன்.”

அந்த வரலாறு பாடப்புத்தகத்தில் ஓரிரு பத்திகளாக இருக்கலாம். ஆனால் ஒரே கிழங்கை ஒரு தலைமுறை வெறுத்ததும் அடுத்த தலைமுறை விரும்பியதும் இந்த அடுப்படியில் உட்கார்ந்தால் மட்டுமே கேட்கக் கிடைக்கும். மதுரை ஆசிரியையின் மகள் அனுமதி கேட்டு, பாட்டி பேசியதைக் கைபேசியில் முழுதாகப் பதிவு செய்தார். அளவு கேட்டபோதெல்லாம் பாட்டி கையைக் குழித்துக் காட்டினார். அந்தக் கை அளவுகளைச் சென்னை இளைஞர் கிண்ணத்தில் கொட்டி, தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். சீரகம் ஒரு முறை எழுதி அடித்தார், பாட்டி மறுபடி அள்ளிப் போட்டதில் கணக்கு மாறியதால்.

திங்கள் காலை, கோலகங்சார்

மாவட்ட அலுவலகத்தை ஒட்டி நிற்கிறது அந்த முதிய ரப்பர் மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழிவந்த கன்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில், 1877இல் இங்கே நட்டார்கள். அந்த முதல் தலைமுறையின் எச்சமாக இந்த மரத்தைக் காட்டுகிறார்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில், எல் மனாத்தி என்ற இடத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ரப்பர் பந்துகள் சேற்றிலிருந்து கிடைத்திருக்கின்றன என்று சிங்கப்பூர்க்காரர் சொன்னார். அந்தக் கால மக்கள் அங்கே வெட்டியது வேறு இன மரம். அந்தப் பாலால் அவர்கள் பந்து செய்து விளையாடினார்கள். பேராக்கில் ரப்பர் பால் ஏராளமான தமிழர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது.

திரும்பும் வழியில் ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து குழு தன் கருத்துகளை அண்ணனிடம் சொன்னது. மாளிகைக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்து, பாட்டி வீட்டுக்கு ஒரு முழு நாள் தர வேண்டும். சமைத்துத் தருபவருக்கு ஓட்டல் சமையல்காரருக்குத் தரும் கூலியைக் குறையாமல் தர வேண்டும். விருந்தோம்பல் என்று சொல்லி அதைச் சும்மா வாங்கக் கூடாது. எட்டுப் பேருக்கு மேல் அழைத்து வரக் கூடாது, அடுப்படி தாங்காது. பதிவு செய்ததில் ஒரு பிரதி அந்தக் குடும்பத்துக்கே போக வேண்டும். பினாங்குத் தோழிகள் ஒரு யோசனை சொன்னார்கள்: சுங்கை சிப்புட்டோடு நிறுத்தாமல் பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கமும் இதேபோல் சமைக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பட்டியலிடலாம். அவர்களில் பலருக்கு வயது எழுபதுக்கு மேல். அண்ணன் கைபேசியை எடுத்து, தெலுக் இந்தானில் இருக்கும் தன் சித்திக்கு அங்கேயே அழைப்புப் போட்டார்.