ஆயிரம் காது வேண்டும்!

நாகர்கோவிலில் ஒரு பாட்டு ஹிட்டா, ஃபிளாப்பா என்று தெரிந்துகொள்ள புள்ளிவிவரம் எதுவும் தேவையில்லை. வடசேரியில் ஏதாவது ஒரு மினிபஸ்ஸில் ஏறினால் போதும். டிரைவருக்குப் பிடித்திருந்தால் ஹிட். கண்டக்டருக்கும் பிடித்துவிட்டால் சூப்பர் ஹிட். பயணிகளுக்குப் பிடிக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கோ அந்த பஸ்ஸில் ஏறாத பாட்டுக்கள் மேல்தான் கிறுக்கு. சினிமா கம்பெனி இல்லை, ஹீரோ இல்லை, மலேசியாவில் பாட்டு வெளியீட்டு விழா இல்லை. பாடுகிறவனே எழுதி, மெட்டுப் போட்டு, கைக்காசைச் செலவழித்து ஊருக்குள் விடுகிற பாட்டு. இதற்கு 'இண்டிபெண்டன்ட்' என்று பெயர். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் 'அண்டர்கிரவுண்ட்'.

இந்த வார்த்தையைத் தெரியாத்தனமாக டீக்கடையில் உபயோகித்துவிட்டேன். பக்கத்து பெஞ்ச் அண்ணாச்சி வடையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அண்டர்கிரவுண்டா? ரோட்ட இன்னும் தோண்டப் போறானுவளாடே?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாதாள சாக்கடைக்காக வருஷக்கணக்கில் தோண்டிய ரோட்டில் முதுகெலும்பைப் பரிசோதித்துக்கொண்ட ஊர் இது. "இது பாட்டு அண்ணாச்சி" என்று விளக்கினேன். "சினிமால வராத பாட்டு எதுக்குடே?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட இடம்தான் தப்பு. ஏனென்றால் சினிமாவில் வராத பாட்டுக்குக் குமரி மாவட்டத்தைவிடப் பெரிய சந்தை உண்டா என்ன?

கொடைவிழாக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடலைமாடனுக்குக் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்குமா? வில், குடம், உடுக்கை, ஜால்ரா. தலைமைப் பாடகர் ஒரு வரியைப் பாட, எதிரில் இருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அங்கேயே வரியைக் கூட்டுவார், குறைப்பார். அமெரிக்காவில் ராப் பாடகர்கள் இதைச் செய்தால் 'ஃப்ரீஸ்டைல்' என்று கைதட்டுகிறோம். இங்கே விடிய விடியச் செய்தால், "எப்பம் முடியும்?" என்று கேட்கிறோம். 2018-ல் மறைந்த பூங்கனியம்மாள் இந்த மாவட்டத்துக்காரர். ஆண்கள் கோலோச்சிய கலையில் சிறு வயதிலேயே வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் வாங்கியவர். எந்த கம்பெனி அவரை அறிமுகப்படுத்தியது? ஊர் ஊராகக் கேட்டவர்கள்தான்.

அந்தப் பக்கம் சர்ச்சுகள். 2011 சென்சஸ்படி மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் யாராவது ஒருவர் புது ஆல்பம் வெளியிடுவார். எழுத்து, இசை, தயாரிப்பு, விற்பனை எல்லாம் அவரே. காசெட் காலத்தில் சபை வாசலில் ஒரு மேஜை போட்டு விற்றதைத்தான் இன்று பட்டணத்துப் பிள்ளைகள் 'மெர்ச் டேபிள்' என்கிறார்கள்.

ரேடியோவிலும் நமக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் டெல்லியில் இல்லை, பம்பாயில் இல்லை. 1984 அக்டோபரில் நாகர்கோவிலில்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே இலங்கை வானொலி கடல் தாண்டி வந்து எங்கள் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தது. 'சுராங்கனி' பாடிய சிலோன் மனோகரைத் தெரியாத சித்தப்பா உண்டா? அந்தப் பாட்டு எந்த சினிமாவிலிருந்து வந்தது என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். முழிப்பார். சினிமாவுக்கு வெளியே பிறந்து பிரபலமான பாட்டு அது!

ஆக, அண்டர்கிரவுண்ட் நமக்குப் புதிது இல்லை. தேடுகிற பழக்கம்தான் விட்டுப்போயிற்று. தேட வேண்டிய அவசியமே இல்லாமல் செல்போன் பார்த்துக்கொள்கிறதே!

செல்போனில் ஒரு சங்கடம் உண்டு. நேற்று நீங்கள் சாப்பிட்ட இட்லியை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்றும் இட்லிதான். நாளை கொஞ்சம் தைரியம் வந்து பொடி இட்லி வைக்கும். நாளை மறுநாள் மினி இட்லி. 'உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது' என்று வேறு சொல்லும். புட்டு என்று ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் ஆயுசு முடிந்துவிடும்.

புட்டு வேண்டுமென்றால் நாமேதான் தேடவேண்டும். என் வழிகள் மூன்றே மூன்று.

முதல் வழி, வெள்ளிக்கிழமை. 2015 ஜூலை 10-லிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று ஆளுக்கொரு கிழமை. நமக்கும் வெள்ளிக்கிழமைதானே ரிலீஸ்? ராத்திரி சாப்பாடு முடிந்து அரை மணி நேரம். மூன்றே பாட்டு. அதில் ஒன்று எனக்குத் தெரியாத பாஷையாக இருக்கவேண்டும். பிடிக்காவிட்டாலும் பாதியில் நிறுத்துவதில்லை என்று ஒரு விரதம்.

இரண்டாவது வழி, பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது. ஒரு பாட்டு பிடித்தால் பாடகரோடு நிற்காதீர்கள். கிடார் யார், கலவை யார் என்று பாருங்கள். அந்த ஆள் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போனால் ஒரு புதுத் தெருவே திறக்கும். அப்படிப் போய்த்தான் 2006-ல் மலேசியாவில் வந்த 'வல்லவன்' ஆல்பம் எனக்குக் கிடைத்தது. யோகி பி-யும் நட்சத்ராவும் செய்தது. நம்மூரில் பலர் முதல்முதலாகத் தமிழ் ராப் கேட்டது அதில்தான். சென்னையில் 2018 ஜனவரியில் 19 பேரோடு மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் பிடித்தால் கானா, பறை, ராக், ராப் நான்கும் ஒரே வீட்டில் குடியிருப்பது தெரியும். அங்கிருந்து அறிவு. அறிவிலிருந்து 2019-ல் வந்த 'தெருக்குரல்'. 2021-ல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது உலகமே திடுக்கிட்டது. தேடிக் கேட்டவர்கள் திடுக்கிடவில்லை. "எனக்கு அப்பமே தெரியும்" என்று காலரைத் தூக்கிக்கொண்டார்கள். இந்த அல்ப சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் கிடையாது, சார்!

பக்கத்துத் திருவனந்தபுரத்தை விட்டுவிட்டேனே... 'அவியல்' என்றொரு மலையாள ராக் குழு. 2008-ல் அதே பெயரில் ஆல்பம் போட்டார்கள். வீட்டில் "அவியல் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். "கேக்காண்டாம்லே, தின்னா போதும்" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. நாஞ்சில் நாட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தப்ப முடியுமா?

மூன்றாவது வழிதான் உசத்தி. மனுஷனிடம் கேட்பது. இங்கிலாந்தில் ஜான் பீல் என்று ஒருவர். 1967-லிருந்து 2004-ல் சாகும்வரை பி.பி.சி. ரேடியோ ஒன்றில் இருந்தார். ஊர் பேர் தெரியாத பையன்கள் அனுப்பும் காசெட்டுகளைக் கேட்டு, நன்றாயிருந்தால் ஒலிபரப்பிவிடுவார். எங்கள் ஊரிலும் ஒரு ஜான் பீல் இருந்தாராம். காசெட் கடைக்காரர். சித்தப்பா 60 நிமிஷ டேப்பில் பதிவு செய்யப் பாட்டு லிஸ்ட் கொடுப்பார். ஒரு பக்கம் 30 நிமிஷம். கடைசியில் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தால், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைச் சேர்த்துவிடுவார். சித்தப்பா கேட்காத பாட்டு. "சவம், நான் கேட்ட பாட்டெல்லாம் மறந்துபோச்சு. அவன் சும்மா போட்ட பாட்டுதான் இன்னும் காதுல கெடக்கு" என்பார்.

இந்த மூன்றாவது வழியில்தான் எனக்கு அந்தப் பையன் கிடைத்தான்.

கடற்கரைக் கிராமத்துப் பையன். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ராத்திரி பாட்டு. சொன்னது செல்போன் ரிப்பேர் பார்க்கிற நண்பர்: "நல்லா பாடுவான் அண்ணே, ஒருக்கா கேளுங்க."

கேட்டேன். 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இவன் அப்பாவும் அதில் ஒருவர். பாட்டு அவரைப் பற்றி. அழுகை கிடையாது. அப்பா எத்தனை மணிக்கு எழுவார், எந்தச் சட்டை போடுவார், வலையைச் சரிபார்க்கும்போது என்ன முணுமுணுப்பார் என்று ராப்பில் சொல்லிக்கொண்டே போகிறான். தாளத்துக்கு டிரம்ஸ் இல்லை, குடம் தட்டுகிற சத்தம். முடிகிற இடத்தில் அப்பா பெயரை மட்டும் மூன்று தடவை கூப்பிடுகிறான். அவ்வளவுதான். நான் டீயை ஆறவிட்டுவிட்டேன்.

எவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். 412 தடவை.

"அதுல பாதிக்கு மேல அம்மாதான் அண்ணே" என்றான். "சாயந்திரம் ஆனா போன வாங்கிக்கிடும்."

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் பார்த்தேன். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு விதி. முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு, ஒலிப்பதிவு ராயல்டி பைசா கிடையாது. ஒரே ஆள் திருப்பித் திருப்பிக் கேட்டும் ஒப்பேற்ற முடியாது. கேட்பவர்கள் பலராக இருக்க வேண்டும். அம்மா ஆயிரம் சாயந்திரம் கேட்டாலும் அந்தக் கணக்கில் ஏறாது. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்கவும் 1000 சந்தாதாரர் என்று ஆரம்பித்து, பார்க்கும் மணிக்கணக்கு வரை நிபந்தனை உண்டு.

ஆயிரத்தைத் தொட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது என்று எடுத்துச் சொன்னேன். ஒரு நேரம் புரோட்டா தின்னக்கூடக் காணாது.

"காசுக்கு இல்லண்ணே" என்றான். "அப்பா பேரு ஆயிரம் பேரு காதுல விழணும். அம்புட்டுதான்."

லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் எம்.ஐ.ஏ. 2005-ல் போட்ட முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையும், 2007-ல் போட்ட இரண்டாவதுக்கு அம்மாவின் பெயரையும் வைத்தார். 'அருளர்', 'கலா'. உலகம் முழுக்க அந்தப் பெயர்களை உச்சரித்தது. நம் பையன் அவரைக் கேட்டதே இல்லையாம். ஆனால் ஆசை ஒன்றுதான்.

மறுபடி கணக்கு. 84 பேர், மாதத்துக்கு ஒரே ஒரு தடவை கேட்டால் வருஷத்துக்கு 1008. எண்பத்து நாலு பேர் எல்லாம் ஒரு கூட்டமா? காலை எட்டரை மணிக்கு இரண்டு மினிபஸ்ஸில் இதைவிட அதிகம் பேர் தொங்குகிறார்கள்!

ஒவ்வொருவராகப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். டீக்கடை அண்ணாச்சி பன்னிரண்டாவது ஆள். இயர்போனைக் காதில் வைத்துவிட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் சுளிப்பு போயிற்று. முடிந்ததும் இயர்போனைக் கழற்றாமலே கேட்டார்:

"இந்தப் பேருக்காரன் எந்த ஊருக்காரன்டே?"

ஊரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொருக்கா போடு" என்றார்.

பாக்கி 72 பேர். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பையன் இருப்பான். அவனுக்கு நீங்கள் எத்தனையாவது ஆள் என்று பாருங்கள்.