மெக்கோர்ட் ஒப்பமிடாத உடன்படிக்கை

1978ஆம் ஆண்டுக் கோடையில் டேல் மெக்கோர்ட்டுக்கு வயது 21. அதற்கு முந்தைய ஆண்டுதான் வட அமெரிக்காவின் பனி ஹொக்கி அமைப்பான தேசிய ஹொக்கி லீக்கின் புதுமுகத் தெரிவில் முதலாவது ஆளாக டெட்ரொயிட் ரெட் விங்ஸ் கழகம் அவரை எடுத்திருந்தது. முதல் பருவத்திலேயே 33 கோல்கள் போட்டார். கழகத்தோடு மூன்றாண்டு ஒப்பந்தம் இருந்தது. அவர் எதையும் மீறவில்லை, இடமாற்றம் கேட்கவுமில்லை. அப்படியிருக்க, இனி நீர் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸின் ஆள் என்று ஒரு நடுத்தீர்ப்பாளர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதற்குக் காரணம் இன்னொருவர். கிங்ஸின் கோல் காப்பாளர் ரோகி வஷோன் தம் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், ஐந்தாண்டுக்கு 19 லட்சம் டொலர் பேசி டெட்ரொயிட்டுக்கு வந்தார். லீக்கின் துணைவிதி 9ஏ-இன்படி, அப்படி வருபவரை எடுக்கும் கழகம் பழைய கழகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இரு கழகங்களும் ஒத்துப்போகாவிட்டால் ஆளுக்கொரு முன்மொழிவை நடுத்தீர்ப்பாளரிடம் கொடுக்கும். அவர் இரண்டில் ஒன்றை அப்படியே தெரிவுசெய்ய வேண்டும். வெட்டவோ ஒட்டவோ இடையில் ஒன்றைச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இல்லை. டெட்ரொயிட் வேறு ஆட்டக்காரர்களைத் தர முன்வந்தது. கிங்ஸ் மெக்கோர்ட்டைக் கேட்டது. நடுத்தீர்ப்பாளர் எட்வர்ட் ஹூஸ்டன் கிங்ஸ் கொடுத்த தாளைத் தெரிவுசெய்தார்.

மெக்கோர்ட் போக மறுத்து, டெட்ரொயிட்டில் உள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பிரதிவாதிகளாக லீக்கையும் இரு கழகங்களையும் மட்டுமல்ல, தாம் அங்கம் வகித்த வீரர் சங்கத்தையும் சேர்த்தார். 9ஏ-ஐ உள்ளடக்கிய கூட்டு உடன்படிக்கையில் 1976இல் ஆட்டக்காரர்கள் எல்லாருக்குமாக ஒப்பமிட்டது அந்தச் சங்கம்தான்.

இந்த வழக்கின் தீர்ப்பை நான் ஊன்றிப் படித்தது ரொறன்ரோவில் ஒரு கட்சிக்காரருக்காக. அவர் களஞ்சியத் தொழிலாளி. இரண்டு களஞ்சியங்களைக் கம்பனி ஒன்றாக்கியபோது, சேவை மூப்புப் பட்டியல்களை இணைக்க அவருடைய சங்கம் உடன்பட்டது. அதில் அவருடைய பெயர் கீழே இறங்கி, பகல் வேலை கைவிட்டுப் போனது. உடன்படிக்கைப் புத்தகத்தை என் மேசையில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கிருந்த கையொப்பங்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். "இதில என்ர கையெழுத்து எங்க தம்பி இருக்கு? நான் ஓமெண்டு சொல்லேல்லையே."

அமெரிக்கத் தீர்ப்பு ஒன்ராறியோவைக் கட்டுப்படுத்தாது. இங்கே சட்டமும் வேறு, மன்றமும் வேறு. ஆனாலும் அவர் கேட்டதைத்தான் மெக்கோர்ட்டும் கேட்டார்.

மெக்கோர்ட்டின் வாதம், வணிகப் போட்டியைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஷெர்மன் சட்டத்தை நம்பி நின்றது. கழகங்கள் கூடிப் பேசி ஆட்டக்காரரின் நடமாட்டத்தை முடக்குவது போட்டியைக் கெடுக்கும் கூட்டு என்றார். சங்கத்தோடு பேசி முடித்த விடயத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்றது எதிர்த்தரப்பு. அமெரிக்கக் காற்பந்து வீரர்களின் மக்கி வழக்கில் 1976இல் இந்த விலக்குக்கு மூன்று நிபந்தனைகள் வகுக்கப்பட்டிருந்தன. கட்டுப்பாடு முக்கியமாக உடன்படிக்கை செய்த இரு தரப்பையே தொட வேண்டும். சம்பளம், வேலை நிபந்தனை போலச் சட்டப்படி பேசியே ஆக வேண்டிய விடயமாக இருக்க வேண்டும். மெய்யான பேரத்தில் விளைந்ததாகவும் இருக்க வேண்டும். வழக்கு முழுதும் இந்த மூன்றாவதில்தான் தங்கியிருந்தது.

முதல் நீதிமன்றத்தில் நீதிபதி டிமாஸியோ மெக்கோர்ட் பக்கம் நின்றார். லீக் தானே எழுதிய விதி ஓர் எழுத்தும் மாறாமல் உடன்படிக்கைக்குள் வந்திருக்கிறது, இது திணிப்பு என்று சொல்லித் தடையுத்தரவு கொடுத்தார். மெக்கோர்ட் அந்தப் பருவமும் டெட்ரொயிட்டுக்கே ஆடினார். 1979இல் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்றாக அதைப் புரட்டியது. சங்கம் 9ஏ-ஐ எதிர்த்தது, மாற்று யோசனை வைத்தது, வேலைநிறுத்தம் செய்வோம் என்றும் வழக்குப் போடுவோம் என்றும் எச்சரித்தது, முடிவில் வேறு நன்மைகளை வாங்கிக்கொண்டு ஒப்பமிட்டது. முதலாளிகள் ஒரு புள்ளியில் அசையாமல் நின்றார்கள் என்பதற்காகப் பேரமே நடக்கவில்லை என்றாகாது என்று நீதிபதி எங்கல் எழுதினார். நேர்மையாகப் பேசு என்றுதான் தொழிலாளர் சட்டம் சொல்கிறது, விட்டுக்கொடு என்று சொல்லவில்லை. நீதிபதி எட்வர்ட்ஸ் இதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்பது என் எண்ணம். தனக்குப் பாதகமான வரியை ஒருவர் நீதிமன்றத்தில் அழித்துவிட்டுச் சாதகமான வரிகளை வைத்துக்கொள்ளலாம் என்று வந்தால், எந்த முதலாளியும் சங்கத்தோடு பேச உட்காரமாட்டார். அதனால் நட்டப்படுவது பேரம் பேசும் பலமே இல்லாத சாதாரண ஆட்டக்காரர்கள். என் கட்சிக்காரருக்காகச் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பட்டியல் விடயத்தில் அவர்கள் பல அமர்வுகள் மல்லுக்கட்டியிருந்தார்கள். சங்கம் தன்னிச்சையாகவோ பாரபட்சமாகவோ கெட்ட எண்ணத்தோடோ நடந்தது என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

ஆனால் மெக்கோர்ட் தீர்ப்பில் என்னை இன்னும் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 1967இல் சங்கம் தொடங்கியது முதல் அதை நடத்திய அலன் ஈகிள்சன் ரொறன்ரோச் சட்டத்தரணி. பல ஆட்டக்காரர்களுக்குத் தனிப்பட்ட முகவரும் அவரே. 1998 ஜனவரியில் பொஸ்ரனிலும் ரொறன்ரோவிலும் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவை 1976 உடன்படிக்கை பற்றிய குற்றங்கள் அல்ல. அவர் முதலாளிகளோடு கூடிப்போனார் என்று முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கும் காலங்கடந்தது என்று தள்ளப்பட்டது. இருந்தும், மெய்யான பேரம் என்ற சோதனை, பேசியவர் யாருக்காகப் பேசினார் என்பதை எந்த அளவுக்குத் தோண்ட வேண்டும்? கூட்டு உடன்படிக்கை வழக்கு எதை எடுத்தாலும் இதை நான் கேட்காமல் விடுவதில்லை.

மெக்கோர்ட் லொஸ் ஏஞ்சலிஸ் போகவேயில்லை. உச்ச நீதிமன்றம் தொடுவதற்கு முன் கழகங்கள் தமக்குள் தீர்த்துக்கொண்டன. ஆந்த்ரே சாங் லோறாங் என்ற ஆட்டக்காரரையும் முதற்சுற்றுப் புதுமுகத் தெரிவு வாய்ப்புகள் இரண்டையும் கிங்ஸுக்குக் கொடுத்து டெட்ரொயிட் மெக்கோர்ட்டை வைத்துக்கொண்டது. ஆளுக்கு ஆளை ஈடு கேட்கும் வழக்கம் அதோடு ஒழியவில்லை. 1991இல் பிரெண்டன் ஷனஹனை எடுத்ததற்கு ஈடாக, சென். லூயிஸ் கழகத்தின் ஸ்கொட் ஸ்டீவன்ஸை நியூ ஜெர்சிக்குக் கொடுத்தவரும் அதே ஹூஸ்டன்தான். 1994 ஒக்டோபரில் முதலாளிகள் ஆட்டக்காரர்களை வெளியே விட்டுக் கதவை அடைத்தார்கள். 103 நாட்களுக்குப் பின் வந்த உடன்படிக்கையில் அந்த விதி போனது. இன்று இன்னொரு கழகத்தின் உரிமையில் உள்ள இளம் ஆட்டக்காரரை எடுப்பவர்கள், அவருக்குப் பேசிய சம்பளத்தின் அளவைப் பொறுத்து, வரும் ஆண்டுகளின் புதுமுகத் தெரிவு வாய்ப்புகளைக் கொடுக்கிறார்கள்.