பலகையைக் கண்டு திரும்பியவர்

கடந்த ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்தபின், மாதா கெபிக்கு நாள்தோறும் பூத்தொடுத்துக் கொடுக்கும் கைம்பெண் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். வயது ஐம்பத்தேழு. "உடம்பு ஒரு மாதிரியா இருக்குது சாமி, ஆசீர்வாதம் குடுங்க" என்றார். "வயதாகிறதல்லவா அம்மா" என்று கூறி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டேன். மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகள் கழிந்தபின் அவருக்கு மீண்டும் உதிரப்போக்கு காண்கிறது என்பதை, மருந்தகத்துச் சகோதரி வாயிலாக நான் அறிந்தபோது ஆவணி பிறந்துவிட்டது.

இத்தகைய செய்தியைக் குருவானவர் எழுதலாமோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த அம்மையாரின் இசைவு பெற்றே, பெயர் கூறாது எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைப் பற்றிப் பீடத்திலிருந்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவள் என் வாசலில் வந்து நின்றபோது நான் அடையாளம் காணவில்லை.

சகோதரி முன்னரே சீட்டு எழுதிக் கொடுத்து, காஞ்சிபுரம் சென்று கருப்பை ஸ்கேன் எடுத்து வருமாறு பணித்திருக்கிறார். அம்மையாரும் உத்திரமேரூரில் பேருந்து ஏறிப் போயிருக்கிறார். ஆனால் ஸ்கேன் நிலையத்தின் வாசலில், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கூறுவது சட்டப்படி குற்றம் எனும் பலகையைக் கண்டதும் திரும்பிவிட்டார். உள்ளே அமர்ந்திருந்தவர் அனைவரும் கர்ப்பிணிகள். "தாலி அறுத்தவ அங்க போயி உக்காந்தா ஊரு என்ன பேசும்?" என்பது அவர் கேள்வி.

அந்தப் பலகை பெண் சிசுக்களைக் காப்பதற்காக 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி எல்லா ஸ்கேன் நிலையங்களிலும் தொங்குவது. அதற்கும் இவர் நோவுக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், உலோகங்களில் விரிசல் காணப் பயன்பட்ட ஒலியை மனித உடலுக்குக் கொண்டுவந்த கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டும் அவருடைய துணைவர்களும் 1958இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே வயிற்றுக் கட்டிகளைப் பற்றியது. தீராத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இருப்பது சினைப்பை நீர்க்கட்டியே என்று அக்கருவி காட்டிற்று. அதை அகற்றினர், அவளும் பிழைத்தாள். இதை நான் விவரித்தபோது அம்மையார் முதன்முறையாகச் சற்றே புன்னகைத்தார்.

"கரண்டு அடிக்குமா சாமி?" என்று அவர் வினவ, விடை தெரியாத நான் சகோதரியைப் பார்த்தேன். அவர் கூறியவற்றை நம் குடும்பத்துப் பெண்களுக்காக இங்கே தருகிறேன். இது எக்ஸ்ரே அன்று. நம் செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்குவதே இது. வயிற்றின்மேல் ஸ்கேன் எடுக்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் விலகிக் கருப்பை தெளிவாகத் தெரியும். நம் ஊரார் வீட்டிலேயே நீரருந்திவிட்டு, ஒரு மணி நேரப் பேருந்தில் அடக்கிக்கொண்டு, அங்கே வரிசையில் மேலும் காத்திருந்து படும் துன்பம் சொல்லி மாளாது. அங்குச் சேர்ந்து, முறை எப்போது வரும் என்று கேட்டறிந்தபின் நான்கைந்து குவளை பருகினால் போதும். படுத்ததும் அடிவயிற்றில் ஜெல் தடவுவர், சில்லென்றிருக்கும். கையடக்கமான கருவியை அழுத்தி நகர்த்துவர். வலி இராது, நிறைந்த சிறுநீர்ப்பையின்மேல் அழுத்துவதால் முட்டல் மட்டுமே.

சில வேளை அது போதாமல், பிறப்புவழியே மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்க்க நேரிடும். இதைத்தான் எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெண்கள் திடுக்கிட்டு எழுந்து வந்துவிடுவதும் இதனால்தான். இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். கருவிக்குப் புதிய உறை இடுவர். பெண் மருத்துவரையோ, உடனிருக்கப் பெண் உதவியாளரையோ கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், வேண்டாமென்று மறுக்கவும் உரிமையுண்டு. மணமாகாத பெண்களுக்குப் பொதுவாக இம்முறையைத் தவிர்த்துவிடுவர்.

மறுவாரம் சகோதரி துணைக்கு வர, வண்டியை நான் ஓட்டினேன். கர்ப்பிணிகளிடையே அம்மையார் முக்காடிட்டு அமர்ந்திருந்தார். இரு வகை ஸ்கேனும் எடுத்தார்கள்; அரை மணிக்குள் முடிந்தது.

மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டவருக்குக் கருப்பையின் உட்படலம் 4 மில்லிமீட்டருக்கு மிகாதிருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. இவருக்கு 13 என்று இருந்தது. தடித்திருப்பதெல்லாம் புற்றுநோயன்று, இவ்வாறு உதிரம் காண்பவருள் பத்தில் ஒன்பது பேருக்கு ஏறக்குறைய வேறு காரணமே என்று சகோதரி தேற்றினார். ஸ்கேன் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பளிக்காது. சதைப் பரிசோதனைதான் முடிவு கூறும். (கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் காணவும் ஸ்கேன் உதவாது, அதற்கான எளிய சோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு.)

அம்மையார் அந்தப் பத்தில் ஒருவர் ஆனார். காரப்பேட்டைக்குப் போக வேண்டும் என்றதும் அவர் மகன் சுவரில் சாய்ந்துவிட்டான். காஞ்சிபுரம் பக்கத்தில் அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே நோயின் பெயரைச் சொன்னதாகும். ஆனால் நோய் கருப்பையைத் தாண்டவில்லை. கருப்பையை அகற்றினார்கள். தவக்காலம் முதல் ஆவணி வரை சென்ற மாதங்களில் அது தாண்டியிருக்கலாமே என்ற எண்ணம் இரவுச் செபத்தில் இன்றும் எனக்கு வருகிறது.

இப்போது மருத்துவர் குறித்த நாட்களில் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். சென்ற முறை மகனையும் அழைக்காமல் தனியே பேருந்தில் போய்வந்தார். மாலையில் கெபிக்குப் பூவும் வந்துவிட்டது.