ரேஷன் கார்டில் மூன்றாவது பெயர்

தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. டெய்லர் அக்கா என்றால்தான் தெரியும். வீட்டுக்காரர், சைக்கிள் கடை அண்ணன். நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திண்ணையில் தையல் மெஷினும் எதிரே வேப்பமரத்தடியில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியுமாக முப்பது வருடங்களை ஓட்டிவிட்டார்கள். ஒரே மகன். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம், கையில் ஒரு குழந்தை.

ஒருநாள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயு என்று ஒரு கோலி சோடா குடித்தார். சாயங்காலம் சட்டை தொப்பலாக வியர்த்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பையன் 108-க்கு போன் போட்டான்.

அரசு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து பார்த்தார்கள். ரத்தக் குழாயில் ஓர் அடைப்பு. "இப்போதைக்கு மாத்திரை குடுத்திருக்கேன். மூணு வாரத்துல ஸ்டென்ட் வெச்சுடலாம். காப்பீட்டு கார்டு இருக்காம்மா? இல்லேன்னா எடுத்துட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர். சொந்தக்காரர் ஒருவர் சொன்னாரே என்று தனியார் மருத்துவமனை ஒன்றிலும் போய்க் கேட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். அக்கா ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கார்டு ஏன் இல்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2009-ம் வருடம் ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். தெருவே போய் நின்றது. அண்ணன் போகவில்லை. "நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி கார்டு? சீக்கை வெத்தலை பாக்கு வெச்சா கூப்புடுவாங்க?" என்று அக்காவையும் தடுத்துவிட்டார். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்தது. வருட வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000 ரூபாய் ஆனது. ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. இத்தனையும் நடந்த பிறகும் அண்ணன் பஞ்சர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கேட்டது மூன்றே மூன்று. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ். முதல் இரண்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூன்றாவதற்காக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனார் அக்கா. ஊரில் இன்னும் மணியக்காரர் ஆபீஸ் என்றுதான் பெயர். உட்கார்ந்திருந்தது மகனைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தது. கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டது.

"மகன் உங்ககூட இருக்காருங்களாம்மா?"

"இல்ல கண்ணு, ஓசூர்ல."

"சம்பளம்?"

"பத்தொம்பதாயிரம் வருதுங்கறான்."

"அப்ப வருசத்துக்கு ரெண்டே கால் லட்சத்துக்கு மேல வருதேம்மா. கார்டுல பேர் இருக்கற வரைக்கும் அதுவும் குடும்ப வருமானம்தான். அவருக்குத் தனிக் குடும்பம் ஆயிருச்சு இல்லைங்களா, இந்தக் கார்டுல இருந்து பேரை எடுத்துட்டு வாங்க. எழுதித் தர்றேன்."

அந்தப் பெண் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பத்தொன்பதாயிரத்தில் வீட்டு வாடகை, பால், குழந்தைக்கு ஊசி எல்லாம் போக, மகன் ஊருக்கு அனுப்புவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அவனே இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "பேரை எடுத்துக் குடும்மா, இங்க புதுக் கார்டு போடணும், எதுக்குப் போனாலும் கார்டு கேக்கறாங்க" என்பான். ஆடி போகட்டும், தை வரட்டும் என்று அக்காதான் தள்ளிக்கொண்டே வந்தார். ஆளுக்கு அரை கிலோ என்று வரும் சர்க்கரை குறைந்துவிடுமே என்பதற்காக இல்லை. பழைய புத்தகக் கார்டில், வட்ட வழங்கல் அலுவலகத்தில் நீல மையில் மகன் பெயரை ஏற்றிய அன்று, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர் அவர். அதற்கு முன் ஐந்து வருடம் அந்தக் கார்டில் இரண்டே பெயர்தான் இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் கூப்பிட்டுச் சொன்னார், "ஆயிரத்தைந்நூறு குடுங்கக்கா. மகன் சம்பளமே வராத மாதிரி சர்ட்டிபிகேட் வாங்கிடலாம், பேரும் அப்படியே இருக்கும்." அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கடைசி மூன்று வார்த்தைக்காகவே கொடுத்துவிடலாம்போல இருந்தது. வீட்டில் வந்து சொன்னபோது அண்ணன் மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே, "என்னைய டேபிள்ல படுக்க வெச்சிருக்கறப்ப எவனாச்சும் வந்து இது பொய்யின்னு சொன்னா எந்திரிச்சு வர்றதா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால், யோசனையிலேயே ஐந்து நாள் போய்விட்டது.

ஆறாம் நாள் இ-சேவை மையத்துக்குப் போனார். அங்கிருந்த பையன் நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கிறவன். கார்டு நம்பரைத் தட்டினான். திரையில் மூன்று பெயர் வந்தது.

"யார் பேருக்கா எடுக்கணும்?"

காட்டினார்.

"நீக்கம் எதுக்கு? எறப்பா, கல்யாணமா?"

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. காரணம் கேட்காமல் பெயர் நீக்க முடியாது, நீக்குகிற பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். ஆனால் அக்காவுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. "ஒரு நிமிசம் இரு சாமி" என்று வெளியே வந்தவர், திரும்ப உள்ளே போகவே இல்லை.

ராத்திரி மருமகளிடமிருந்து போன். மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்த பேச்சு கார்டில் வந்து நின்றது. பையன் கேட்டதை அக்கா சொல்லியேவிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அத்தை, எங்கம்மாவும் எம் பேரை எடுக்க உடல. நான் அவங்க கார்டுலயேதான் இன்னும் இருக்கறேன். ரெண்டு பக்கமும் எடுத்தாத்தான் எங்களுக்குப் புதுக் கார்டு. பாப்பா பேரு எந்தக் கார்டுலயும் இல்லீங்க அத்தை."

அது அக்காவுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. பேத்திக்கு ஒன்றரை வயது.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மாவுக்கு அவரே போன் போட்டார். கல்யாணத்தில் சீர் விஷயமாக வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. என்ன பேசினார்கள் என்று அண்ணன் கேட்டதற்கு, "பொம்பளைங்க விசயம்" என்றுவிட்டார். அன்றைக்கே இங்கேயும் அங்கேயும் விண்ணப்பம் போனது. அதே பையன்தான். "கல்யாணம்னு போடு கண்ணு" என்று அவன் கேட்பதற்கு முன்பே சொன்னார். நாலாம் நாள் மெசேஜ் வந்தது.

அடுத்தது வருமானம். இங்கே அக்கா எதிர்பார்க்காத இடத்தில் முட்டியது. ஜாக்கெட் தைக்க 120, லைனிங் வைத்தால் 250 என்று சீட்டில் எழுதி வைப்பாரே தவிர, மாதத்துக்கு எவ்வளவு என்று அவர் கூட்டியதே இல்லை. கூட்டினால், நூல், ஊக்கு, கரன்ட் போக ஐந்தாயிரம்தான் நின்றது. அண்ணனின் கடை மாதம் ஆயிரத்து ஐந்நூறு. ஊரில் இப்போது எல்லோரிடமும் பைக்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்கள் இல்லையென்றால் அந்த ஆயிரத்து ஐந்நூறும் கிடையாது. ஆக, இரண்டு பேருக்கும் சேர்த்து வருடம் 78,000.

அண்ணன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "ஒரு லட்சம்னு போடச் சொல்லு" என்றார்.

"ஏனுங்க?"

"ஒண்ணு இருவது வரைக்கும் போடலாமில்ல. ஒரு லட்சத்துக்கும் கார்டு குடுப்பாங்கல்ல. போடச் சொல்லு."

சலுகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. இப்படிக் கூட்டிச் சொல்கிறவர்களையும் அந்த நாற்காலிகள் பார்த்திருக்கும். அக்கா 78,000 என்றே எழுதினார். அன்று முழுக்க அண்ணன் கடையைத் திறக்கவில்லை. உடம்புக்கு முடியாததால் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள்.

இ-சேவையில் அறுபது ரூபாய் கட்டணம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று மனு ஆன்லைனிலேயே நகர்ந்தது. ஆர்.ஐ.யிடம் மூன்று நாள் நின்றது. போய்க் கேட்டபோது, மீட்டிங் என்றார்கள். மூன்று வாரத்தில் இரண்டு நாள்தான் பாக்கி இருந்தபோது சான்றிதழ் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள். காப்பீட்டுத் திட்ட அறைக்கு முன் ஏற்கெனவே முப்பது பேர். டயாலிசிஸுக்குப் போகிறவர், கையில் ஸ்கேன் கவரோடு ஒரு கைக்குழந்தைக்காரி, குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்த தாத்தா. அவர்களில் சிலரிடம் வருமானச் சான்றிதழ் இல்லை, திரும்பிப் போனார்கள். 1800 425 3993 என்ற இலவச எண் சுவரிலேயே எழுதியிருந்தது. கிளம்புவதற்கு முன் அதில் ஒரு தடவை கேட்டிருந்தால் பலருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

கேமரா முன்னால் உட்காரச் சொன்னபோது அண்ணன் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்தார். 2009-ல் போகாத போட்டோவுக்கும் சேர்த்து வாரினார்போல.

"குடும்பத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றார் அக்கா.

"போன் நம்பர் சொல்லுங்க. மெசேஜ் வரும்."

அண்ணனிடம் ஒரு பட்டன் போன் உண்டு. அக்கா மகனுடைய நம்பரைச் சொன்னார்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாதாமாதம் மாத்திரைக்கு அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அக்கா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அண்ணன் பாரம் தூக்கக் கூடாது. தூக்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, காற்றடிக்கும் பம்பு தவிர.

ஒன்றரை மாதம் கழித்து ஓசூரிலிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. புதுக் கார்டு. குடும்பத் தலைவர் இடத்தில் மருமகள் பெயர், அதற்குக் கீழே மகன். மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது பெயரை அக்கா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இனிஷியல் சரியா போட்டிருக்காங்களா?" என்று மரத்தடியிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.