பழைய சாலையில் ஒரு மோரிஸ் மைனர்

பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குப் போகிறவர்கள் ஒரு முறையாவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டு, தாப்பாவிலிருந்து தெமோ, கம்பார், கோப்பெங் வழியாகப் பழைய சாலையில் போய்ப் பாருங்கள். முன்பு இச்சாலையில் எங்கும் ஓடிய மோரிஸ் மைனர் இன்று ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று தேடிக்கொண்டே போங்கள்.

சென்ற விடுமுறையில் நானும் அப்படித் தேடினேன். மைவியும் சாகாவும் லாரியும்தான் வரிசையாக வந்தன. கம்பாருக்கு அருகே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் ஒன்று நின்றது.

1948-இல் இங்கிலாந்தில் பிறந்த கார் இது. இதை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ்தான் பின்னர் மினி காரையும் உருவாக்கினார். 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளிவந்தது. பழைய மைனர்களில் திரும்புவதற்குச் சிமிட்டும் விளக்கு கிடையாது; கதவோரத் தூணிலிருந்து சிறிய கை ஒன்று நீளும். தோட்டத்தில் அந்நாளில் பெரிய கிராணியின் காரில் ஏறுவதென்றால் ஒன்று பிரசவம், இல்லையேல் பாம்புக்கடி என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. உள்நாட்டுக் காரை வளர்க்க, வெளிநாட்டுக் கார்களின் மீது கூடுதல் வரி இருந்தது. 1994-இல் கஞ்சில் வந்து சிறு குடும்பங்களுக்கும் கைக்கெட்டியது. அதே ஆண்டில் நெடுஞ்சாலையும் முழுமையாகத் திறக்கப்பட்டது. மெல்ல ஓடும் மைனருக்கு அங்கே என்ன வேலை? நம் நாட்டு மழையில் தகடு துருப்பிடித்தது. உதிரிப் பாகங்களும் அரிதாயின.

தாழ்வாரத்துக் காரின் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய ஓய்வு பெற்ற கிராணி. "பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார்கள் பிள்ளைகள், சார். மூன்று பேரையும் பத்து காஜா ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது அவர்களுக்குத் தெரியாது" என்றார்.

"இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஐயா" என்றேன்.

அவர் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, லயங்களும் இல்லை. அங்கே வாழ்ந்ததற்கு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கார் ஒன்றுதான்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படி ஒன்று கிடக்கலாம். விலை பேசுமுன் வீட்டுப் பெரியவரை அருகில் உட்காரவைத்து, அதில் யார் யார், எதற்காக ஏறினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.