சுராங்கனிக்குக் கொண்டு போன மீன்

சுராங்கனி பாட்டு உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். காலேஜ் டூர் போன பஸ்ஸின் கடைசி சீட்டில் நீங்களும் தட்டியிருப்பீர்கள். கல்யாண ரிசப்ஷனில், பந்திக்கு எழுந்து போகிற கூட்டத்தைத் திரும்ப உட்கார வைக்க மெல்லிசைக்காரர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அந்தப் பாட்டில் 'மாலு' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருமே, அதற்கு என்ன அர்த்தம்?

மாலை இல்லை. ஆள் பெயரும் இல்லை. சிங்களத்தில் மாலு என்றால் மீன். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் விஷயமே. நிலா, தென்றல், கண்ணே, மணியே எதுவும் கிடையாது. மீன்!

இதை நம் பக்கம் பிரபலமாக்கியவர் ஏ.ஈ.மனோகரன். நம் ஊர் வழக்கில் சிலோன் மனோகர். சினிமாவில் முரட்டு வில்லனாகப் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழர்களுக்கு அவர் 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. (அங்கே பாப் இல்லை, பொப்தான். சொல்லிப் பாருங்கள், அதுவே தாளத்தோடு வரும்.) 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் சுராங்கனி வந்த பிறகு, அது நம் வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது.

ஆனால் அது நம் வீட்டுப் பாட்டும் இல்லை, முழுக்க இலங்கை வீட்டுப் பாட்டும் இல்லை. அதன் காலை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் மொசாம்பிக் பக்கம் கொண்டுபோய் விடும்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒன்று முதல் 6 வரை வேகமாக எண்ணுங்கள். 1-லும் 4-லும் வலது கையால் மேஜையில் தட்டுங்கள். பழகியதும் இடது கையால் 1, 3, 5-ல் தட்டுங்கள். ஒரு கை இரண்டாகப் பிரிக்கிறது, இன்னொரு கை மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக ஓடும். இந்த இழுபறிதான் ஆப்பிரிக்கத் தாளங்கள் பலவற்றின் உயிர். இடுப்பு சும்மா இருக்காது. பக்கத்து அறையிலிருந்து 'என்னங்க சத்தம்?' என்று கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இலங்கையில் இந்த இசைக்குப் பெயர் பைலா. போர்த்துக்கீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. 1505-ல் போர்த்துக்கீசியர்கள் அந்தத் தீவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் தனியாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1658-ல் டச்சுக்காரன் இவர்களை விரட்டினான், அவனும் கொண்டுவந்தான். பிறகு வந்த வெள்ளைக்காரன் ஆப்பிரிக்கர்களை வைத்து ராணுவப் படைப்பிரிவுகளே நடத்தினான். படை கலைந்த பிறகு அந்தச் சிப்பாய்களின் குடும்பங்களில் சில புத்தளம் பக்கமே தங்கிவிட்டன. சிரம்பியடி என்ற கிராமத்தில் அவர்களுடைய சந்ததி இன்றும் இருக்கிறது. காப்பிரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லைச் சொன்னால் அது கெட்ட வசவு. இங்கே அது ஜாதிக்குப் பதில் ஒரு பேர், அவ்வளவுதான்.

அவர்களிடம் மிஞ்சிய இசைக்கு மான்ஜா என்று பெயர். வாத்தியம் என்ன தெரியுமா? ரபான் மேளம், தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடி பாட்டில், அதைத் தட்ட ஒரு கரண்டி. தப்பித்தவறி அவர்கள் பாட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி ஏறி, கடைசியில் பாட்டிமார்களும் எழுந்து ஆடுவார்கள். பாடுகிற மொழி போர்த்துக்கீசியக் கலப்பு. பாட்டு வாயில் இருக்கிறது, அர்த்தம் போய்விட்டது. இளசுகள் பாட்டியிடம் கேட்டு ஒலியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எனக்கு இது பெரிய ஆச்சரியமாகவும் கொஞ்சம் வயிற்றைப் பிசைவதாகவும் இருக்கிறது. ஒரு ஜனத்துக்குச் சொந்த ஊர் போய், மொழி போய், பெயர் போய், கடைசியில் ஒரு தாளம் மட்டும் கையோடு நின்றிருக்கிறது.

காப்பிரிகள் ஆடியதையும் போர்த்துக்கீசியர் வயலினையும் சேர்த்துக் குழைத்தால் 'கஃப்ரிஞ்ஞா'. மட்டக்களப்பில் போர்த்துக்கீசியப் பறங்கியர் கல்யாணங்களில் இதை ஆடுவார்கள், ஆடி முடித்துவிட்டுத் தமிழில் பேசிக்கொள்வார்கள். 1940-களில் வாலி பாஸ்டியன்ஸ் என்ற போலீஸ்காரர் இந்த மெட்டுகளுக்குச் சிங்களத்தில் வார்த்தை போட்டுப் பாடினார். நவீன பைலாவின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் ஊரையே ஆட வைத்தது உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்கிறதா தெரியவில்லை. அப்புறம் எம்.எஸ்.பெர்னாண்டோ, டெஸ்மண்ட் டி சில்வா, ஜிப்ஸிஸ் குழு. ஜிப்ஸிஸின் சுனில் பெரேரா 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு காலமானபோது இலங்கையில் எல்லா மொழிக்காரர்களும் அழுதார்கள். தமிழ்ப் பக்கம் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று துள்ளிசையைத் தொடங்கிவைத்தார். அதே ஆறு எண்ணிக்கைதான். நம் நையாண்டி மேளத்தில் ஏற்கெனவே அந்த நடை இருப்பதால், அந்நியம் என்று நம் காதுக்குத் தோன்றவே இல்லை.

இதையெல்லாம் எதற்கு ஜெகதாப்பட்டினத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வேறெங்கு யோசிப்பது? புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிற விசைப்படகு ஊர் அது. எதிரே பாக் நீரிணை. அந்தக் கரையில் நெடுந்தீவு, யாழ்ப்பாணம். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரை முழுக்க திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் துல்லியமாகக் கேட்கும். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் பேசக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே இருக்கிறது. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே பொப் இசையும் வரும். தண்ணீருக்கு மேல் சத்தத்துக்குத் தடையில்லை.

கடல் வழியாக வந்தது ஒன்று. ஆகாய வழியாக வந்தது இன்னொன்று. 80-களில் வளைகுடாவிலிருந்து லீவில் வரும் சபுராளிகள், சென்ட் பாட்டில், கோடாலித் தைலத்தோடு ஒரு டூ-இன்-ஒன்னும் கொண்டுவருவார்கள். அதற்குள் போனி எம் கேசட் கண்டிப்பாக இருக்கும். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ரெக்கார்டிங் செய்து தருபவரிடம் அதைக் கொடுத்து, ஒரு பக்கம் போனி எம், மறு பக்கம் நாகூர் ஹனிபா என்று 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து வாங்கியவர்கள் உண்டு. இப்படியொரு ஆல்பம் உலகத்தில் எந்த கம்பெனியும் வெளியிட்டதில்லை. என்னிடம் ஒன்று இருந்தது. அத்தை மகன் வாங்கிக்கொண்டு போனான், இன்னும் வரவில்லை.

போனி எம்மை ஜெர்மன் டிஸ்கோ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தயாரித்தவர் ஃபிராங்க் ஃபாரியன் ஜெர்மானியர்தான். முன்னால் நின்ற நாலு பேரும் கரீபியன் தீவுகளில் பிறந்த கறுப்பர்கள். 1978-ல் அவர்கள் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' அவர்களுடையதே இல்லை. 1970-ல் ஜமைக்காவில் 'மெலோடியன்ஸ்' என்ற குழு பாடியது. பைபிள் சங்கீதத்தில், சிறைபிடிக்கப்பட்டுப் போன இடத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறார்களே, அந்தப் பகுதி. ஜமைக்காக்காரனுக்கு அது யூதர்கள் கதை மட்டும் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அவன் தாத்தாவின் கதை. நாம் அதைப் போட்டுத்தான் பள்ளி ஆண்டு விழாவில் டான்ஸ் ஆடினோம். ஆடக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அவர்களே ஆடிக்கொண்டுதான் அழுதார்கள்.

போன வருஷம் ஜெகதாப்பட்டினத்துக்குப் போனபோது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் செல்போனில் ஏதோ பைலா ஓடிக்கொண்டிருந்தது. "இலங்கை எஃப்.எம்.மாண்ணே?" என்றேன்.

"கடலுக்குள்ள போயிட்டா அதான் சார் நல்லா எடுக்கும். இது மெமரி கார்டுல போட்டது."

சுராங்கனிக் கேள்வியை அவரிடமும் கேட்டேன். நான் கேட்டவர்களில் யோசிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். "மாலுன்னா மீனு சார்."

"எப்படித் தெரியும்?"

"அங்க உள்ள கெடந்தப்ப கத்துக்கிட்டதுதான். எல்லை தாண்டிட்டேன்னு புடிச்சிட்டாங்க. மொத நாளே அந்த வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. எவ்வளவு மாலு, என்ன மாலுன்னு." ஊசியை வலைக் கண்ணுக்குள் விட்டு எடுத்தார். "சின்ன வயசுல கோயில் திருவிழாவுல ஆடுன பாட்டு. அதுக்கு அர்த்தம் இப்படித் தெரிய வருதே பாருங்க."

1974-லும் 1976-லும் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் மீன் அதிகம். அதனால் போகிறார்கள், பிடிபடுகிறார்கள், படகு போகிறது. அந்தக் கரையின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். போரில் பல வருஷம் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, இப்போதுதான் தலையெடுக்கிற யாழ்ப்பாணத்து மீனவனின் வலையை நம் இழுவை மடி கிழித்துக்கொண்டு போகிறது. 2017-ல் இழுவை மடியை இலங்கை சட்டம் போட்டே தடை செய்தது. அவனும் தமிழ்தான் பேசுகிறான். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் நெடுந்தீவில் பருவத்துக்கு வாடி போட்டுத் தங்கும் மீனவர்களைப் பற்றியது. 1978-ல் அங்கே படமானபோது அதில் நடித்தவர்களில் ஒருவர், நம் மனோகர். "அவன் வலை அந்துபோனா அவனுக்கும் வயிறு எரியத்தானே சார் செய்யும்" என்று அண்ணனே சொன்னார். யார் பக்கம் என்று அவருக்கே தெரியாதபோது நான் என்ன தீர்ப்புச் சொல்வது?

என் செல்போனில் செசாரியா எவோரா இருந்தார். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கிற கேப் வெர்டி தீவுக்காரி. 2011-ல் இறந்துபோனார். மேடையில் செருப்பில்லாமல் பாடுவார். 1992-ல் வந்த 'மிஸ் பெர்ஃபுமாடோ' ஆல்பத்தை நீங்கள் எங்காவது தேடிக் கேட்க வேண்டும். அங்கேயும் அதே போர்த்துக்கீசியக் கப்பல், அதே ஆப்பிரிக்க அடிமைகள். இலங்கையில் இறங்கியவர்கள் துள்ளினார்கள், கேப் வெர்டியில் இறங்கியவர்கள் மெதுவாக ஏங்கினார்கள். ஏன் அப்படி என்று இசை ஆராய்ச்சியாளர்கள் எதையாவது எழுதட்டும். அதிலுள்ள 'சொடாடே' பாட்டு, பிழைப்புக்காக சாவோ டோமே தீவுக்குக் கூலிகளாகப் போனவர்களை நினைத்துப் பாடுவது. வீட்டுக்கொருவர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற இந்த ஊரில் அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

இயர்போனை அண்ணன் காதில் வைத்தேன். வலை ஊசி நின்றது. பாட்டு முடியும்வரை கேட்டார்.

"எந்த ஊரு சார் இது?"

"ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல ஒரு தீவுண்ணே."

"தீவா? அப்ப அங்கயும் மீன்பிடிதானா?"

"ஆமாண்ணே. சூரை நிறைய."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்க டீசல் என்ன விலையாம்?"